பாட்டிலில் பிடித்துப் போன தண்ணீர்

பென்னாகரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி, எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் மதிப்பெண் ஏற்றி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. இன்றுதான் விடுமுறை தொடங்கியது. மார்கழிப் பனி விலகவே எட்டு மணியாகிவிட்டது. வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. பெரியவனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவள் சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்றாயே, கேட்டாயா இல்லையா?

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் பிஎச்.டி. செய்யும் பெண் எங்கள் பக்கம் வருகிறாள், எட்டாவதோடு பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள், அதில் உடல்நலத்துக்கு என்ன பங்கு என்று பார்க்கப் போகிறாள், நான் கூட இருந்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக வரட்டும். எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். ஆனால் அவள் வருவதற்கு முன்னால் உன்னிடம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமாக மனதில் கிடப்பவை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். நாலாம் வகுப்பில் ஒரு பெண், முன்பல் இரண்டிலும் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. ‘பல் விளக்கிட்டு வர மாட்டியா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்பே என் மேசையருகில் வந்து நின்றாள். செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள், ஈறெல்லாம் ரத்தம். வாயைத் திறந்து காட்டி, ‘இப்ப வெள்ளையா இருக்குதா டீச்சர்?’ என்றாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. உன்னிடம்கூட இதை இதுவரை சொன்னதில்லை.

அது அழுக்கு இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நாம் படித்த பி.எட்.டில் குழந்தை உளவியல் இருந்தது, குழந்தை குடிக்கும் தண்ணீர் இல்லை. பிறகுதான் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமிருந்தால் எனாமல் சரியாகக் கட்டுவதில்லை. முளைத்த பிறகு அதில் கறை ஏறுகிறது. எந்தப் பற்பொடிக்கும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. பாறையிலிருந்து கரைந்து வருவதுதான் இது. காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று எத்தனையோ தாய்மார்கள் நினைத்தார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும். பல வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன.

இத்தனைக்கும் இது புதிய கண்டுபிடிப்பே இல்லை. 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் நெல்லூர்ப் பக்கத்து மக்களின் எலும்பு நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது அதுவும் நம் சென்னை மாகாணம்தான். அறுபது வருஷம் கழித்து நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, ஊரில் ஒருவருக்கும் ஃபுளோரைடு என்ற சொல் தெரியாது, டீச்சரான எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எங்கோ இருந்தார்கள். தெரிய வேண்டியவர்கள் அடி பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டில் கதை. செங்கல் தூள் சம்பவத்துக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்தார். நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். ஊரில் மூன்று அடி பம்பு, ஒரு கிணறு. நாலிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, எண் எழுதி ஒட்டி, பையில் அடுக்கிக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பெண்கள் அவருக்கு மோர் கொடுத்தார்கள். ‘ரிசல்ட் வந்ததும் சொல்றேங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வரவே இல்லை.

அவர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. பட்டம் வாங்கியிருப்பார், வேலை தேடி அலைந்திருப்பார். திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதற்குப் பஸ் காசும் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பம்புகளில் எதில் எவ்வளவு என்ற விவரம் ஏதோ ஒரு நூலக அலமாரியில் பைண்டு போட்டு இருக்கும். மூன்று பம்பில் ஒன்றிலாவது அளவு குறைவாக இருந்திருக்கலாம். அது தெரிந்திருந்தால் குழந்தைகளுக்கு மட்டுமாவது அதில் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டில் ஒரு அம்மா, இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். வெகுகாலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ‘பாட்டில்ல புடிச்சிக்கினு போனாரே அந்தத் தம்பி, என்ன சொன்னார் டீச்சர்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதைத்தான் உன் மாணவிக்கு முதல் பாடமாகச் சொல்லித் தா. தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஒரு முறை, கொடுத்த பிறகு ஒரு முறை ஊருக்கு வந்து, என்ன தெரிந்தது என்று ஊர்க்காரர்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளில், ஆய்வின் பலன் அதில் பங்கெடுத்தவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறது. உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவதோடு அது நின்றுவிடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. ஜப்பான் கடனுதவியோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். எங்கள் ஊர்க் குழாயிலும் அது வருகிறது. வராத நாளில் மறுபடி போர் தண்ணீர்தான். ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இருக்கிறது. ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் எங்களிடம் படித்தார்கள். அக்காவுக்கு முன்பல்லில் காவி. அவள் எட்டாவதில் இருந்த வருஷம் தம்பிக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்தது. அரிசி மாதிரி வெள்ளை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் அவள் தம்பியின் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை துளியும் இல்லை அந்த முகத்தில். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டும்போது தன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அந்த உள்ளங்கை இருக்கிறதே, அதைத்தான் உன் மாணவி கவனிக்க வேண்டும். குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கி நிற்பார்கள். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழ மாட்டார்கள். ‘மந்தமான பிள்ளை’ என்று நாங்களே முத்திரை குத்திவிடுவோம். பல்லில் கறை என்பதற்காக ஒரு பெண் படிப்பை விட்டாள் என்று எந்தப் படிவத்திலும் வராது. ஆனால் வகுப்பில் வாய் திறக்காத பெண்ணை, ஒன்பதாவதுக்கு ஏழு கிலோமீட்டர் பஸ்ஸில் அனுப்பலாமா என்று வீட்டில் யோசிக்கும்போது, அவளுக்காகப் பேச ஒரு டீச்சர்கூட இருக்க மாட்டார். கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதிலிருந்து 14 வரைதான். எட்டாவது முடிகிற அந்த இடத்தில் சட்டமும் கையை விடுகிறது, எங்கள் பள்ளியும் முடிகிறது, வயதுக்கு வந்த பெண் என்ற பயமும் வீட்டில் தொடங்குகிறது. மூன்றும் ஒரே வருஷத்தில்.

வருஷா வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். பகல் 11 மணிக்குப் போனால் ஊரில் இருப்பது கிழவர்களும் ஆடுகளும்தான். நடுவயதுக்காரர்கள் பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளைகளில் பாதி அவர்களோடு. வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் காலை பஸ்ஸில் வந்து மதிய பஸ்ஸில் போகிறார்கள். வீட்டில் இருந்தவர்களை மட்டும் வைத்து எழுதிய ஊர் அது, எங்கள் ஊர் இல்லை. உன் மாணவி பொங்கலுக்கு வரட்டும். அந்த ஒரு வாரம் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல், களி கிண்டி இறக்கிய பிறகு உட்கார்ந்தால் பேசுவார்கள்.

அவளுடைய வினாத்தாளையும் பார்த்தேன். ‘இடைநிற்றல்’ என்று போட்டிருக்கிறாள். இங்கே ‘நின்னுட்டா’ என்றுதான் சொல்வோம். ‘மிகவும் ஒத்துக்கொள்கிறேன்’ தொடங்கி ஐந்து கட்டம். எங்கள் பெண்கள் ஐந்திலும் ‘ஆமாங்க’ என்றுதான் சொல்வார்கள், வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று. அஞ்செட்டி, தளிப் பக்கம் போனால் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், அங்கே கேள்வியே வேறு மாதிரி கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது வருமானமும் சாதியும் கேட்க வேண்டாம். 18 ஆகாமல் கல்யாணம் செய்தீர்களா என்று நேராகக் கேட்டால் எல்லோரும் பத்தொன்பது என்பார்கள். மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். அரூர்ப் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சோதனை என்று புகுந்த வனத்துறையினரும் போலீசாரும் மலைவாழ் பெண்களுக்குச் செய்த கொடுமையை அந்தப் பெண்கள் எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! சொல்லச் சொல்ல அந்த நாளையே மறுபடி மறுபடி அனுபவித்திருப்பார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன்னால் நீதிபதி பி. வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கழித்தாவது, கேட்டவர்கள் பதிலோடு திரும்பி வந்தார்கள்.

சரி, வெயில் ஏறிவிட்டது. உன் மாணவிக்குத் தருமபுரியிலிருந்து பென்னாகரத்துக்குப் பஸ் நிறைய உண்டு, பயப்பட வேண்டாம். ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்.

உன்னிடம் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பையன் எந்தப் பல்கலைக்கழகம் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெயரும், ஏறக்குறைய எந்த வருஷம் என்பதும் தெரியும். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பழைய ஆய்வேடுகளெல்லாம் இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள் என்றாயே, தேடிப் பார். நாலு பாட்டில், மூன்று பம்பு, ஒரு கிணறு. கிடைத்தால் நாலு எண்ணையும் போனில் சொல், போதும். பின்வீட்டு அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. முழங்கால் மடங்குவதில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி