மெல்லக் கற்கும் மாணவர்கள் சொந்தமாக எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தனிக் கையேடு தயாரித்து, அதிலுள்ள கடிதத்தையும் கட்டுரையையும் மனப்பாடம் செய்ய வைப்பது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. தேர்ச்சி விழுக்காட்டுக்காகத் தமிழாசிரியர்கள் படும் பாட்டை நன்கு அறிந்தவன் என்பதால் அவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால், முன்னுரை முதல் முடிவுரை வரை பிசகாமல் ஒப்பிக்கும் மாணவன், இரண்டு வரியில் விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறான். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்னும் வினாவுக்குக்கூட, எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே பத்தியை நெட்டுருப் போட்டு வருகிறார்கள். மாணவன் தானாக எழுத வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட வினா அது.

எழுதத் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்குவது எளிது. அவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. ‘கொ’ என்று ஒலிக்கும்போது ககரம்தான் முதலில் வருகிறது. எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டு, ககரம் எழுதி, பிறகு துணைக்கால் இட வேண்டும். கு, சு, து என்ற மூன்றிலும் உகரம் மூன்று வடிவம் கொள்கிறது. லகர ளகர ழகரங்களை வீட்டுப் பேச்சில் வேறுபடுத்திக் கேட்டிராத பிள்ளை, அவற்றை ஏட்டில் மட்டும் எப்படி வேறுபடுத்துவான்? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் பேசும் தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “எங்க ஆடு நேத்து ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு பால் குடிக்கல” என்றான். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதினான். அவனையே உரக்கப் படிக்க வைத்து, ‘நேத்து’, ‘குடிக்கல’ ஆகிய இரு சொற்களை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். மற்றவற்றை அன்று தொடவில்லை. அடுத்த வாரம் அந்தக் குட்டியைப் பற்றி அவனாகவே ஐந்து வரி எழுதி வந்தான். ‘குடிக்கவில்லை’ என்பது அதில் சரியாகவே இருந்தது. ஒரே பக்கத்தில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தால், அந்த ஐந்து வரிகள் வந்திருக்கவே மாட்டா. ஒரு வாரம் ரகர றகரம், மறு வாரம் ஒற்று என்று ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்த வேண்டும். திருத்திய பின் அதே பகுதியை மாணவன் மீண்டும் எழுத வேண்டும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதும் இம்போசிஷனால் கை வலிக்குமே தவிர, வாக்கியம் அமைக்க வராது.

தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்க வழிகாட்டியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்காக 2025இல் ‘திறன்’ என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. இரண்டுமே வரவேற்கத்தக்கவை. எழுத்தையும் சொல்லையும் அடையாளம் காண்பதோடு இத்தகைய பயிற்சி நின்றுவிடாமல், மாணவன் தன் வீட்டையும் ஊரையும் பற்றிச் சொந்தமாக எழுதுவதற்கென்று வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேளையில் எழுதுவதற்கு மதிப்பெண் இடக் கூடாது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும்போது, நெட்டுருப் பத்திக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை விட, பிழை இருந்தாலும் படத்தைப் பார்த்துத் தானாக எழுதிய நான்கு வரிகளுக்குக் கூடுதலாக வழங்கும்படி விடைக்குறிப்பிலேயே குறிப்பிடப் பள்ளிக்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேனி மாவட்டம்.