வருகிறவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்த வாரம் வந்து நான்கு நாள் தங்கப்போகிறார்கள், வீடு சின்னது, சோபா பழசு, திரைச்சீலை சாயம் போய்விட்டது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றாய். உன் குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் கேட்டது. எனக்குப் போனில் சட்டென்று எதுவும் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோபாவை மாற்றாதே. திரைச்சீலையைத் துவைத்து மாட்டு, போதும். இந்த இரண்டையும் பற்றி இதற்குமேல் யோசிக்க வேண்டாம்.

உனக்கே தெரியும், வேலை நிமித்தமாக இருபது வருடத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். லாட்ஜில் தங்கியதைவிட உறவுக்காரர்கள் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலும் தங்கியதுதான் அதிகம். அந்த வீடுகளில் சுவர் என்ன நிறம், சோபா புதுசா பழசா என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. எந்த வீட்டில் நான் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டிவரவில்லையோ, அந்த வீடுகள்தான் நினைவிருக்கின்றன. விருந்தாளியாகப் போகிறவனுக்கு இருக்கிற பெரிய சங்கடமே அதுதான். ஒன்று வேண்டும், ஆனால் கேட்கக் கூச்சம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய வீடு, தங்கமான மனிதர்கள். நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள், தனி அறை கொடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. பாத்ரூம் போக வேண்டும். அறை கும்மிருட்டு. சுவரைத் தடவித் தடவி சுவிட்ச் போர்டைக் கண்டுபிடித்தேன். அதில் எட்டு சுவிட்ச். ஒன்றைப் போட்டதும் கூடத்து விளக்கு எரிந்தது. அங்கே அந்த வீட்டுப் பாட்டி படுத்திருந்தார்கள். அவர்கள் புரண்டு படுத்த சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டேன். இன்னொரு சுவிட்சைத் தொட மனசு வரவில்லை. விடியும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ‘நல்லா தூங்கினீங்களா?’ என்று கேட்டார்கள். ‘நல்லா தூங்கினேன்’ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்கு அந்த எட்டு சுவிட்சும் கைப்பழக்கம், அதனால் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொரு வீடு, நண்பர் ஒருவருடையது. இரண்டே அறை. நான் படுக்கும் முன்பு அவர் மனைவி வந்து, ‘அண்ணா, பாத்ரூம் இந்தப் பக்கம். சுவிட்ச் வெளியே இருக்கு, மேலேயிருந்து ரெண்டாவது. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கிப் போடணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமாட்டில் மூடிபோட்ட செம்பில் தண்ணீர், பக்கத்தில் ஒரு டம்ளர். நடையில் ஒரு சின்ன இரவு விளக்கு. அரை நிமிடப் பேச்சுதான். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். அவர்களுக்கு என்னென்ன தேவைப்படும், அதில் எதையெல்லாம் கேட்கத் தயங்குவார்கள் என்று பார்த்து, கேட்கும் முன்பே வைத்துவிடு, சொல்லிவிடு.

முதல் பத்து நிமிடத்தை இப்போதே யோசித்து வைத்துக்கொள். அவர்கள் மணி அடித்த பிறகு அவசர அவசரமாக வீட்டை ஒதுக்காதே. வாசல்வரை போ. கையில் இருக்கும் பையை வாங்கு. தண்ணீர் கொடு. அப்புறம், ‘பாத்ரூம் இந்தப் பக்கம், முகம் கழுவிட்டு வாங்க’ என்று நீயே சொல்லிவிடு. நெடுநேரம் பயணம் செய்து வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அதைக் கேட்கப் பெரியவர்களுக்கு வாய் வராது. நலம் விசாரிப்பதெல்லாம் அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு இருக்கட்டும்.

‘வீடு அலங்கோலமா கிடக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று மட்டும் சொல்லாதே. நீ அப்படிச் சொன்னால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ என்று அவர்கள் உன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும். நம்மால் இந்தப் பெண்ணுக்குச் சிரமம் என்ற எண்ணமும் வந்துவிடும். அப்புறம் நீ எவ்வளவு கவனித்தாலும் அந்த எண்ணம் போகாது.

இப்போது வாசனையைப் பற்றி. அவரவர் வீட்டு வாடை அவரவர் மூக்குக்குத் தெரியாது. ஒரே வாசனையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். நீ வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறாயே, அந்த முதல் இரண்டு மூச்சில்தான் உண்மை தெரியும். கவனித்துப் பார். ஏதாவது வாடை இருந்தால் ரூம் ஸ்பிரே அடித்து மறைக்காதே. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைவலி வந்துவிடும். எதிரெதிர் ஜன்னல்களைக் கால் மணி நேரம் திறந்துவை, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறட்டும். நீங்கள் அதிகம் புழங்காத அந்த இரண்டாவது பாத்ரூமில் அவர்கள் வருவதற்கு முதல்நாள் தரை ஓட்டையில் இரண்டு மக்கு தண்ணீர் ஊற்று. அந்தக் குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கிறது. பல நாள் புழங்காவிட்டால் அது வற்றிப்போகும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நாற்றம் போகவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்ரூமுக்கு வந்துவிட்டதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்று பார். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? மாற்றுத்துணி மாட்ட ஒரு கொக்கி இருக்கிறதா? இருக்கிற கொக்கியில் எல்லாம் உங்கள் துண்டே தொங்கினால் அவர்கள் எங்கே மாட்டுவார்கள்? புது சோப்பு, மூடிபோட்ட குப்பைக்கூடை, வழுக்காத ரப்பர் விரிப்பு. வயதானவர்களுக்கு ஈரத்தரைதான் எமன், அந்த விரிப்பை மட்டும் மறக்காதே. கெய்சர் சுவிட்ச் எது, வெந்நீர் எந்தப் பக்கத்துக் குழாய் என்று காட்டிக் கொடு. உங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கெய்சர்தானே? அது சூடேற ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும். ஒருவர் குளித்துவிட்டு வந்த கையோடு அடுத்தவர் போனால் பச்சைத் தண்ணீர்தான் வரும். இடையில் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்பது தெரியாமல் பெரியம்மா பேசாமல் அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வருவார்கள். உன்னிடம் சொல்லவும் மாட்டார்கள்.

அம்மா ஒன்று சேர்த்து எழுதச் சொன்னாள். உன் தோழிகள் யாராவது தங்க வரும்போது ஒரு நாப்கின் பாக்கெட்டைப் பாத்ரூம் அலமாரியில் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடு. அதைக் கேட்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்கிறாள்.

வருவதற்கு முன்பு ஒருமுறை போன் செய்து பேசு. மாடிப்படி ஏற முடியுமா, சாப்பாட்டில் எதையாவது தள்ள வேண்டுமா, ஏதாவது மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டுமா என்று நீயே கேள். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் நண்பர் ஒருவர் நம் வீட்டில் மூன்று நாள் தங்கினார். அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் அம்மா பார்த்தாள், ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் ஜன்னலோரம் இருந்தது. இன்சுலின். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. நம் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. ‘உங்க சமையல் ஃபிரிட்ஜில் ஊசி மருந்தை எப்படி வைக்கச் சொல்றது’ என்று அந்த மனிதர் மூன்று நாளும் துணியை நனைத்து நனைத்து வைத்திருக்கிறார். நானும் அம்மாவும் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஓர் ஓரத்தைக் காலி செய்து, ‘இது உங்களுக்கு’ என்று காட்டிவிடு.

வெளிச்சம். கூடத்துக்கு இப்போது இருக்கும் வெள்ளை விளக்கே போதும். அவர்கள் படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்ச பல்பு வாங்கிப் போடு. பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும். 2700 அல்லது 3000 என்றால் இதமான மஞ்சள், தூங்கப் போகிற நேரத்துக்கு அதுதான் ஏற்றது. ஆனால் அறையையே மங்கலாக்கிவிடாதே. 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உனக்குப் போதுமென்று படுவது பெரியப்பாவுக்கு மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கக் காணாது. படுத்தபடியே கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு மேசை விளக்கு இருந்தால் நல்லது.

உட்காருவதற்கு, அந்தப் பழைய சோபா தாழ்ந்து உள்வாங்கியிருக்கும். முட்டிவலி இருப்பவர்கள் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து போடு. உட்காரும் பலகை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கையை ஊன்றி அவர்களே எழுந்துவிடலாம். நாற்காலிகளைச் சுவரோடு சுவராக ஒட்டிப் போடாமல் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடு, குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடியும். டிவியை அணைத்துவிடு.

விரிப்பும் தலையணை உறையும் புதுசாக இருக்க வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து எடுத்த கையோடு விரிக்காமல் ஒருநாள் வெயிலிலோ காற்றிலோ போட்டு எடு. அந்துருண்டை வாடை அடித்தால் மறுபடி துவைத்துவிடு. கைக்குழந்தை உள்ளவர்கள் வந்தால் அந்த வாடையே கூடாது, சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தைப் பாதிக்கும். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து நான்கு ஹேங்கர் மாட்டிவை. பெட்டியிலேயே துணியைத் தோண்டிக்கொண்டிருந்தால் எத்தனை நாளானாலும் வந்த இடம் என்ற நினைப்பு போகாது.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் வைஃபை பாஸ்வேர்டு, உன் எண், மாப்பிள்ளை எண், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் எழுதி மேசையில் வை. ஒரு சாவியும் கொடுத்துவிடு. காலையில் நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றும் சொல்லு. சொல்லாவிட்டால் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு, சத்தம் போடக் கூடாதென்று அறைக்குள்ளேயே அடங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

பகலில் அவர்கள் கொஞ்சம் தனியாக இருக்க விரும்பினால் இருக்கட்டும். நீயே கூடவே சுற்றிச் சுற்றி வராதே. பெரியம்மா சமையல் அறைக்கு வந்து ‘நான் ஏதாவது செய்யட்டுமா’ என்று கேட்டால், ‘வேண்டாம், நீங்க உட்காருங்க’ என்று துரத்தாமல் நறுக்க ஏதாவது கொடு. நறுக்கிக்கொண்டே பேசுவார்கள். உனக்கும் அவர்களுக்கும் நெருக்கம் உண்டாவது அங்கேதான்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு ராத்திரி உன் அறையில் படுக்காதே. உன் போன், தண்ணீர், துண்டு எதையும் முன்கூட்டியே எடுத்து வைக்காமல் அவர்களுக்குக் கொடுக்கப்போகும் அறையில் போய்ப் படு. சார்ஜர் வயர் கட்டில்வரை எட்டுகிறதா, ஃபேன் கடகடக்கிறதா, தலையணை எப்படி இருக்கிறது, தெருவிளக்கு முகத்தில் அடிக்கிறதா, நடுராத்திரி எழுந்தால் பாத்ரூம்வரை காலில் எது இடிக்கிறது என்று எல்லாம் உனக்கே தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் என்னைக் கூப்பிட்டு என்னென்ன இடித்தது என்று சொல்லு. போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா