இரண்டாம் கட்டில் மீன் தொட்டி

கானாடுகாத்தான்

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டதும் பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைக்கச் சொன்னார்கள், உடைத்தாயிற்று. மற்ற ஊர்ச் செய்தியெல்லாம் உன் ஆச்சி வழியாக எனக்கு முன்பே உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். நான் வீட்டு வளவைத் தோண்டிக் குளம் வெட்டவில்லை. இரண்டாம் கட்டில், முன்பு நெல் மூட்டை அடுக்குவோமே, அந்தச் சுவரோரம் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறேன்.

உனக்கு எழுத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்றைக் கேட்டால் நீயே பஸ் ஏறி வந்துவிடுவாய். இன்னொன்று சில நாட்களாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதில் உன் உதவி வேண்டும். நல்லதை முதலில் சொல்கிறேன்.

வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நாலு ஊருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். கோயம்புத்தூர் அண்ணன்தான் உருப்படியான கேள்வி கேட்டார்கள்: "தரை தாங்குமா?" கணக்குப் போட்டுக் காட்டினேன். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். மேலே கொஞ்சம் குறைத்து, மணலுக்கும் கல்லுக்கும் இடம் விட்டால் 600 லிட்டர். அதுவே 600 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. மணல், கல், இரும்பு ஸ்டாண்டு, கீழே வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் வந்துவிடும். மாடியில் வைப்பதென்றால் அண்ணன் சம்மதித்தாலும் நான் துணிய மாட்டேன். இது கீழ்த்தளம், கெட்டித்த மண்மேல் போட்ட தரை. மேலே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்தான் கவலை. ஒரு டன்னும் நாலு கால் வழியாக இறங்கினால் கல் விரிசல் விடும். கால்களுக்கு அடியில் நீளவாக்கில் இரும்புப் பட்டை கொடுத்து, அதன் கீழ் கனமான ரப்பர் விரித்தோம். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை முற்றத்துப் பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் ஓடுவதற்காக அந்தக் காலத்தில் வேண்டுமென்றே விட்ட வாட்டம். தொட்டிக்கு அது ஆகாது. ஒரு மூலையில் பளு ஏறினால் கண்ணாடி ஒட்டு பிரிந்துவிடும். தகடு கொடுத்து மட்டம் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றினோம்.

முற்றத்தோரம் வைத்தால் அழகாக இருக்குமே என்று ஆத்தா கேட்டார்கள். அழகுதான். ஆனால் நேர் வெயில் பட்டால் பாசி பிடித்துத் தண்ணீரே பச்சையாகிவிடும். இரண்டாம் கட்டில் வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. கனமான சுவரும் உயர்ந்த கூரையும் பகல் சூட்டை உள்ளே விடுவதில்லை. மீன் வளர்ப்பதற்கென்றே கட்டிய இடம்போல எனக்குத் தோன்றுகிறது.

தொட்டி நிரம்பியதும் ஊரே பார்க்க வந்தது. உள்ளே மணலும் கல்லும் தண்ணீரும் மட்டும். பெரியப்பச்சி தினமும் காலையில் கைத்தடியோடு வந்து நின்று, "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். "தண்ணீர் இன்னும் பக்குவமாகவில்லை" என்பேன். "தண்ணீருக்கு என்ன பக்குவம்?" என்று கோபித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், கேள். வளர்க்க வேண்டியது தண்ணீரை. மீன் அதில் தானாக வளரும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான்; இரத்தத்தில் கலந்து, செவுள் இழுக்கிற பிராணவாயுவை உடம்புக்குக் கொண்டுபோக முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடையில் வாங்கிய அன்றே மீனை விட்டு, மூன்றாம் வாரம் எல்லாம் மிதந்த பிறகு "எங்கள் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்கிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ராசி என்ன செய்யும்? அந்தத் தண்ணீரில் விஷத்தைத் தின்ன ஓர் உயிரும் இல்லை.

மீன் இல்லாமல் அம்மோனியாவுக்கு எங்கே போவது? நவச்சாரம். ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கித் தூவுவாரே, வெள்ளையாகப் புகை கிளம்புமே, அதேதான், அம்மோனியம் குளோரைடு. நான் வாங்கியது ஆய்வுக்கூடத்துக்கு விற்கும் சுத்தமான சரக்கு. 600 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அம்மோனியா கிடைக்கும். அதற்கு மேல் தேவையில்லை. தேவகோட்டையில் நெடுநாளாக மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தம் பழைய தொட்டி ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொடுத்தார். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அதை என் வடிகட்டியில் பிழிந்துவிட்டேன்.

பிறகு தினமும் சோதனைக் குழாய்தான். ஐந்து மில்லி தண்ணீர், சொட்டு மருந்து, குலுக்கி முற்றத்து வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அம்மோனியா குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. நைட்ரைட் குழாய் மட்டும் அடர்ந்த ஊதாவிலேயே நின்றது, நாள் போகப் போக ஊதா. ஒரு காலையில் சொட்டு விழுந்ததும் வழக்கம்போல ஊதாவாகப் புரளும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், வான நீலமாகவே நின்றுவிட்டது. குலுக்கினேன், காத்திருந்தேன், நிறம் மாறவில்லை. பெரியப்பச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதற்குத்தானா?" என்றார்கள். ஆனால் அன்று மாலை கடைத்தெருவில் நாலு பேரிடம் நைட்ரைட்டைப் பற்றி அவர்களே விளக்கிக்கொண்டிருந்தார்களாம்!

கிணற்றுத் தண்ணீர் நமக்குக் கொஞ்சம் கடினம், காரத்தன்மையும் கூடுதல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காரத்தை அளக்கும் பிஎச் எண் ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். நம் சுண்ணாம்புச் சுவரிலிருந்து உதிரும் தூள் விழுந்தால்கூட ஏற்றம்தான், அதனால் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஆத்தா ஒரு வழி சொன்னார்கள். முற்றத்து மூலையில் ஓட்டுத் தண்ணீர் பிடிக்கக் செம்புக் கிடாரம் வைப்பார்களே, அதை எடு என்றார்கள். செம்பு மீனுக்கு ஆகாது என்பதால் கிடாரத்தை விட்டுவிட்டுப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் வைத்தேன். முதல் மழையை ஓட விட்டுவிட்டு, ஓடு கழுவப்பட்ட பிறகு விழுகிற தண்ணீரைப் பிடிக்கிறேன். அதில் தாதுவே இருக்காது. அதை மட்டும் ஊற்றினால் பிஎச் நிலைகொள்ளாது. கிணற்று நீரும் மழை நீரும் பாதிக்குப் பாதி. கழிக்கிற தண்ணீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது. நைட்ரேட் குடித்த வாழையை நீ வந்து பார்க்க வேண்டும்.

இப்போது மீன். நீ அரோவானா விடச் சொல்லி எழுதியிருக்கிறாய். பணம் கொட்டும் என்று உன் மாமனார் நம்புகிறார், சரி. ஆனால் வெள்ளி அரோவானா மூன்றடி நெருங்க வளரும். இரண்டடி அகலத்தில் அது எப்படித் திரும்பும்? உன்னை அந்த ஹாஸ்டல் கட்டிலில் படுக்க வைத்தபோது நீ என்ன பாடுபட்டாய்? எனக்கு மிஸ் கேரளா மீது ஆசை இருந்தது. சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாக அம்பு மாதிரி பாயும். 1865இல் பிரான்சிஸ் டே அப்போதைய மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரை வைத்த மீன். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில், குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். நம் சித்திரையில் அதைக் கொண்டுவந்து அடைப்பது கொடுமை. விட்டுவிட்டேன்.

நான் விட்டது செல்லக்காசு. உள்ளங்கை அகலம்கூட இல்லாத மஞ்சள் மீன், விலாவில் ஒரு கரும்புள்ளி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். ஆற்று முகத்து உவர்நீரிலும் இருக்கும், நல்ல தண்ணீரிலும் இருக்கும், கடினத் தண்ணீரைக் கண்டு அஞ்சாது. சோமு, அதில் ஒரு ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது! உனக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி இதுதான். கல்லின் அடிப்பக்கம் ஒட்டிய முட்டைகளுக்கு இரண்டும் முறைவைத்துத் துடுப்பால் விசிறின. இப்போது குஞ்சுகள் கண்ணும் வாலுமாக நீந்துகின்றன. ஒவ்வொன்றாக அம்மாவின் விலாவில், அப்பாவின் விலாவில் மோதிமோதிக் கொத்துகின்றன. பெற்றவர்களின் மேல்தோலில் ஊறும் வழுவழுப்புத்தான் அவற்றுக்குத் தீனி. பெரிய மீன் அசையாமல் நின்று கொடுக்கிறது. வேறு மீன் நெருங்கினால் கறுத்த வயிற்றுத் துடுப்பைப் படபடவென்று உதறும். குஞ்சுகள் மொத்தமும் அதன் அடியில் ஒண்டிவிடும். ஆத்தா நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சீரியல் நேரம்கூட மாறிவிட்டது.

இனி மற்ற விஷயம்.

சின்ன ஆச்சி மகன் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். பாசி தின்னும் என்று சொல்லி ஒரு கடையில் அவனுக்குச் சக்கர் மீன் ஒன்றை விற்றிருக்கிறார்கள். வாங்கும்போது விரல் நீளம். ஒன்றரை அடிவரை வளரும் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது அது தொட்டிக்குள் திரும்ப முடியாமல் கிடக்கிறது. பையன் இரக்கமுள்ளவன், "ஊருணி நிரம்பிவிட்டது, அங்கே கொண்டுபோய் விட்டால் சந்தோஷமாக இருக்கும்" என்கிறான். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அது தென் அமெரிக்க மீன். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. நம் விராலோ கொக்கோ முழுதாய் வளர்ந்த ஒன்றை விழுங்க முடியாது. காற்றை விழுங்கியும் உயிர் வாழும், அதனால் கோடையில் ஊருணி சேறாகும்போது நம் கெண்டைகள் சாகும், இது சாகாது. முட்டையிடக் கரையில் வளைதோண்டும். மூன்றடி ஆழம் வரைக்கும். ஊருணிக் கரை மண்தானே? படிக்கட்டுச் செம்புறாங்கல்லுக்குப் பின்னாலும் மண்தானே? அந்தக் கரை அரித்தால் யார் கட்டித் தருவது? தமிழ்நாட்டில் ஏற்கெனவே பல நீர்நிலைகளில் இது பெருகிவிட்டது. மீனவர் வலையில் இதுதான் விழுகிறது, வலையும் கிழிகிறது. ஒன்றுதானே என்று அவன் கேட்கிறான். அவனைப் போலவே இரக்கப்பட்டு இன்னொரு வீட்டுப் பையன் இன்னொன்றை விட்டால் ஜோடியாகிவிடும். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக்கூட விடாமல் காவல் போட்டு வைத்திருந்த ஊர் இது. நீயும் நானும் அந்தக் காவல்காரரிடம் அடி வாங்கியது உனக்கு மறந்திருக்காது.

அவனிடம் பேசினேன். தலையாட்டினான், ஆனால் மனம் ஒப்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மீனைக் கொன்றுவிடச் சொல்கிறேன் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சிமெண்டுத் தொட்டி எட்டடி நீளத்தில் சும்மா கிடக்கிறது. அதைக் கழுவி ஊற வைத்திருக்கிறேன்; சிமெண்டின் காரம் போக இன்னும் சில முறை தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்குள் அவன் அவசரப்பட்டு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அவன் உன் பேச்சைக் கேட்பான். சிலம்பம் கற்றுக்கொடுத்த மாமா என்றால் அவனுக்குத் தனி மரியாதை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனிடம் தொலைபேசியில் பேசு. மீனுக்கு இடம் தயாராகிறது, அதுவரை தினமும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல், தீனியைக் குறைக்கச் சொல். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். குளோரின் போகும்படி ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றட்டும்.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறாய்தானே? வரும் முன் கொளத்தூர் மீன் கடைகளுக்கு ஓர் எட்டு போய், பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு இரண்டு வாங்கி வா, ஒன்று அவனுக்கு. மின்சாரம் போனால் தண்ணீர் ஓட்டம் நின்று, மீனுக்கும் வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் பிராணவாயு குறைந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் போவது புதிதில்லை. அரோவானா வாங்கி வராதே. மாமனாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன்,
லெட்சுமணன்