ஆண்டறிக்கை 2025: இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேமிங் கணினியைத் தன் கையாலேயே அசெம்பிள் செய்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு நடவடிக்கைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மாதக் கூட்டம் பத்து முறை நடந்தது. அக்னி நட்சத்திரத்தில் மே மாதக் கூட்டத்தையும், மழையால் டிசம்பர் கூட்டத்தையும் விட்டுவிட்டோம். புதிதாக 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கணினிப் பொருள் வாங்கப் போனபோது நம் ஆட்களோடு பேச்சுக் கொடுத்து, அப்படியே கூட்டத்துக்கு வந்தவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர்.

இந்த ஆண்டின் பெரிய வேலை கண்காட்சி. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

போன ஆண்டு கண்காட்சி எப்படி இருந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு, உள்ளே நிறம் மாறும் ஆர்ஜிபி லைட், அதற்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி, அடுத்த மேசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிப்ரவரி மாதக் கூட்டத்தில் கொளத்தூரிலிருந்து வரும் தம்பி ஒருவர் எழுந்து, "எல்லாரும் முன்பக்கத்தையே காட்டுறோம். பின்பக்கத்தை யாரும் திறக்கிறதே இல்லையே, அண்ணா? அதைப் பார்த்தாதானே நான் கத்துக்க முடியும்?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. எல்லாப் பாகத்தையும் இணைக்கும் மதர்போர்டுக்குப் பின்னால் கேபிள் ஓடும் பக்கத்தில்தான் ஒருவரின் உழைப்பு முழுக்க இருக்கிறது. எந்த ஒயரை எந்த ஓட்டை வழியாகக் கொண்டுபோனார், எங்கே தடுமாறினார், எங்கே அவசரப்பட்டார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அன்றைக்கே தீர்மானம் போட்டோம். கண்காட்சிக்கு வரும் கணினியின் இரண்டு பக்கக் கதவையும் கழற்றி வைக்க வேண்டும். செய்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் எங்கே, என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தாளின் கடைசி வரியில், தான் செய்த தவறு ஒன்றையும் எழுத வேண்டும்.

தவறு எழுதும் வரிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. இத்தனை பணம் போட்டுச் செய்ததை நாமே குறை சொல்வதா என்று இரண்டு மூத்த உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். கடைசியில் அவர்களும் எழுதினார்கள். அதில் ஒருவர் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டிவிட்டு, பிராசசர் ஏன் இப்படிச் சூடாகிறது என்று மூன்று நாள் தேடியதை அப்படியே எழுதியிருந்தார். அதைப் படித்த ஒரு பையன் உடனே வீட்டுக்கு போன் போட்டு, தன் அண்ணனைப் பார்க்கச் சொன்னான்.

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு கண்காட்சி. சில கேபினட்டுகளில் சந்தனம், குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக இருந்தோம். ஒன்பதரைக்கு முதல் வரிசையில் ஒரு கணினியைத் தொட்ட சிறுமி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "சுருக்குன்னு இருக்கு மாமா" என்றாள். வயரிங் வேலை செய்யும் வியாசர்பாடி உறுப்பினர் டெஸ்டரை எடுத்து அந்தக் கேபினட்டின் ஸ்குரூவில் வைத்தார். எரிந்தது. அடுத்ததில் வைத்தார், அதிலும் எரிந்தது. மண்டபத்தில் செருகியிருந்த எல்லாக் கணினியிலும் டெஸ்டர் எரிந்தது.

காரணத்தை அவர் அங்கேயே எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினார். கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட, பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இன்னொன்று இருக்கும். எர்த் ஒயர் மண்ணுக்குப் போனால் அதில் வரும் கசிவு நமக்குத் தெரியாமலே போய்விடும். போகாவிட்டால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டின் உடம்பில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு சரி. ஆனால் அந்த நிலையில் டிவியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் போய்விடலாம். என்றைக்காவது உள்ளே நிஜமாகவே ஒரு ஒயர் உரிந்து இரும்பில் பட்டால், தொடுகிறவரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று ஓட்டை பிளக் பாயிண்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மெயின் போர்டு வரைக்கும் எர்த் வந்திருக்கிறது, அங்கிருந்து யாரும் இழுக்கவில்லை. வியாசர்பாடி உறுப்பினர் பக்கத்துக் கடையைத் திறக்கச் சொல்லி 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயர் வாங்கி, சுவரோரமாக நான்கு போர்டுக்கும் இழுத்தார். வெளியே எர்த் குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். திரும்ப டெஸ்டரை வைத்தபோது எரியவில்லை. கண்காட்சி தொடங்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. காத்திருந்த ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அன்றைய முதல் பாடமே அதுதான் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்ட ஏழு உறுப்பினர்களின் வீட்டுக்கு அவர் போய்ப் பார்த்தார். மூன்று வீட்டில் இதே கதை. மூன்றையும் சரி செய்தாயிற்று, ஒயர் விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவருக்கு இந்தப் பொதுக்குழு நன்றித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வந்திருந்த 31 கணினிகளையும் இங்கே விவரிக்க முடியாது. மனதில் நிற்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் ரயில் பெட்டி கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், பேத்திக்காகக் கேபினட்டையே தன் கையால் செய்துகொண்டு வந்தார். 1.2 மில்லிமீட்டர் இரும்பு ஷீட், ரிவெட் அடித்தது. கடையில் வாங்கும் விலை குறைந்த கேபினட்டில் கை விட்டால் விரலைக் கிழிக்கும் அல்லவா? இவர் ஒவ்வொரு ஓரத்தையும் உள்பக்கமாக மடக்கி விட்டிருந்தார். தடவிப் பார்த்தால் டிபன் கேரியர் விளிம்பு மாதிரி வழவழவென்று இருக்கிறது. காற்று வரும் முன்பக்கத்தில் புள்ளிக் கோலம் போலத் துளைகள். "புள்ளி வச்சுக் கொடுத்தது வீட்டுக்காரம்மா, துளை போட்டது மட்டும்தான் நான்" என்றார். அவர் எழுதிய தவறு: ஃபேன், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் இடிக்கிறது என்று மாட்டிய பிறகுதான் தெரிந்து, ஒரு தகட்டை வெட்டி மறுபடி செய்தது.

அந்தக் கோலத்தில் அழகு மட்டும் இல்லை. மண்டபத்தில் ஏசி கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 33 டிகிரி. எல்லாக் கணினியிலும் ஒரே கேமை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் கதவுகளை மாட்டச் சொன்னோம். ஐயாவின் பெட்டியில் கிராபிக்ஸ் கார்டு 74 டிகிரியில் நின்றது. பக்கத்து மேசையில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டில் அதே மாடல் கார்டு 86-ஐத் தொட்டது. கண்ணாடியைக் கழற்றியதும் பத்து நிமிடத்தில் 77-க்கு இறங்கியது. வெளிநாட்டு வீடியோக்களில் 21, 22 டிகிரி அறையில் அளந்து 60 என்று காட்டுகிறார்கள். அதை நம்பி வாங்கி, மே மாதத்தில் மாடி அறையில் 36 டிகிரியில் ஓட்டினால் அந்த 60 எங்கிருந்து வரும்? அதனால் இனி நம் குறிப்பேட்டில், பாகத்தின் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழித்து வரும் எண்ணையே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

கல்லூரி மாணவர் ஒருவர் ரைசன் 5 5600 பிராசசருடன் செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு போட்டு, கையில் இருந்த பணத்துக்குள் ஒரு பில்ட் செய்திருந்தார். அவருடைய தாளின் கடைசி வரி: "580 என்று வாங்கினேன். 2048 வந்தது." ஆர்எக்ஸ் 580 கார்டில் 2304 ஸ்ட்ரீம் பிராசசர்கள், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள், இருக்க வேண்டும். 2048 மட்டுமே உள்ள ஒரு வகையும் சீனச் சந்தைக்காக வந்தது, அது ஏறக்குறைய பழைய 570-க்குச் சமம். ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாமல், பணம் கொடுக்கும் முன் கணினியில் மாட்டி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் முடிவுக்கு வந்தபோது வெளியே கொட்டிய கார்டுகள் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் இந்த எச்சரிக்கை எல்லாருக்கும் பொருந்தும். கண்காட்சியில் நாம் பரிசு கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் என் ஓட்டு இந்தத் தாளுக்குத்தான். ஏமாந்ததைப் பத்து பேர் முன்னால் சொல்ல தைரியம் வேண்டும்.

வேளச்சேரி உறுப்பினர் வாட்டர் கூலிங் செய்துகொண்டு வந்திருந்தார். பிஇடிஜி பிளாஸ்டிக் குழாய்க்குள் சிலிகான் கயிற்றை விட்டு ஹீட் கன்னில் காட்டி வளைப்பதை அங்கேயே செய்து காட்டினார். கயிறு இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கும். சூட்டை இழுக்கும் செம்பு பிளாக் இருக்கும் தண்ணீர்ச் சுற்றில் அலுமினிய ரேடியேட்டரைப் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் அரிக்கும் என்பதையும் அடித்துச் சொன்னார். ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வந்திருந்தது. 575 வாட் கார்டு. அதன் உரிமையாளர் செய்த நல்ல காரியம், செத்துப்போன ஒரு கார்டையும் கூடவே கொண்டுவந்து, அந்த 16 பின் பவர் கேபிளைப் பிள்ளைகள் கையாலேயே செருகிப் பார்க்க விட்டது. அரைகுறையாகச் செருகினால் கனெக்டர் உருகிவிடலாம். முழுசாக உட்கார்வது எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்தால்தான் உண்டு.

அப்புறம், மனதுக்குக் கஷ்டமான விஷயம். வருடக் கடைசியில் ராம் விலை ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். செப்டம்பரில் வாங்கிய டிடிஆர்5 (புதிய தலைமுறை ராம்) கிட் டிசம்பரில் இரண்டு மடங்கு, சிலது மூன்று மடங்கு. ராமுக்குள் இருக்கும் டிராம் சிப்புகளில் உலக அளவில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி தேவை பெருகியதால் உற்பத்தி அந்தப் பக்கம் போகிறது. கடைகளில் விற்கும் தன் குரூஷியல் பிராண்ட் வரிசையை நிறுத்தப் போவதாக டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் அறிவித்தே விட்டது. செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் முதல் முறை அசெம்பிள் செய்ய வரும் மாணவருக்கு அதனால் என்ன பயன்?

இதற்காகத்தான் "உதிரிப் பெட்டி" தொடங்கினோம். நம் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ராம், பழைய எஸ்எம்பிஎஸ், ஃபேன், கேபிள் எல்லாவற்றையும் சோதித்து, சீட்டு ஒட்டி, தேவைப்படுகிறவருக்குக் கடனாகக் கொடுக்கிறோம். திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் இருந்து வந்த இரண்டு ராம் வேலை செய்யவில்லை. கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்துப் போட்டதும் இரண்டும் உயிர் பெற்றன. ரிச்சி தெருவில் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம்தான். இன்றைய தேதிக்கு நான்கு மாணவர்களின் கணினி உதிரிப் பெட்டியால் ஓடுகிறது. டிடிஆர்5 மட்டும் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால் நவம்பர் கூட்டம் முழுக்க அதற்கே போனது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம். ஸ்டீம் ஆன்லைன் கடையில் வாங்கிய பெரும்பாலான கேம்கள், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக நன்றாகவே ஓடுகின்றன. வாலரண்ட் கேம் ஓடாது, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கை வைத்தோம்.

ஆகஸ்டில் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்தபோது சில பெற்றோர் பதறிப்போய் எனக்கு போன் செய்தார்கள். அந்தச் சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. ரம்மியால் அழிந்த குடும்பங்களை நாமும் பார்த்திருக்கிறோம், அவர்கள் பயம் நியாயமானது. பிள்ளைகளோடு கூட்டத்துக்கு வரச் சொன்னேன். வந்த ஒரு அம்மா இப்போது நம் உறுப்பினர். தன் மகனின் கணினிக்கு பிராசசரை சாக்கெட்டில் வைத்தது அவர்தான்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் ஒருவரின் மதர்போர்டு வாரண்டியில் போய், சாக்கெட் பின் வளைந்திருப்பதாகத் திரும்பி வந்தது. கொடுக்கும்போது வளையவில்லை என்று நிரூபிக்க நம்மிடம் படம் இல்லை. இனி வாரண்டிக்குக் கொடுக்கும் முன் சாக்கெட்டை நெருக்கத்தில் படம் எடுத்து, ரசீதில் அதைக் குறிப்பிடச் சொல்லி வாங்குங்கள்.

வரும் ஆண்டில் எர்த் சோதனையை எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். சங்கத்தை 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யும் விண்ணப்பத்துக்கு இன்று உங்கள் ஒப்புதல் தேவை. பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது எளிதாகும். மண்டபம் தந்தவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

உதிரிப் பெட்டியிலிருந்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பெயர் எழுதாமல் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அவசரத்துக்குத்தான் எடுத்திருப்பீர்கள், தெரியும். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்காக ஒரு பெண் காத்திருக்கிறாள், அவளுடைய பில்டில் அது ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு,
செயலாளர்