அக்காவைப் பற்றி செல்வினுக்கு

கர்த்தருக்குள் பிரியமான செல்வின்,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். சின்னவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி உன் மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ சொல்ல மாட்டாய், தெரியும். பேஸ் பாட ஆள் இல்லாமல் இங்கே பாடகர் குழு தவிக்கிறது. கோயம்புத்தூர் சபையில் உன் குரலை யாரும் மதிக்கவில்லை என்றால் பேசாமல் கிளம்பி வந்துவிடு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதனால்தான் கடிதம்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பயப்படாதே, உயிருக்கு ஆபத்து இல்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிப் பேச்சு குழறியது. இப்போது பேச்சு முக்கால்வாசி தெளிந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறாள். கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பிசியோதெரபி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு ஞாயிறு பள்ளிப் பாட்டெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். நீ சங்கீதம் ஒப்புவிக்காமல் டிமிக்கி கொடுத்தபோது உன் காதைத் திருகிய அதே அக்காதான்.

எப்படி வந்தது என்பதைத்தான் நீ கேட்க வேண்டும். அவளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு என்று உனக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் தெருவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து போனார். 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்று கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கும்போது உங்கள் வீட்டில் மாத்திரை டப்பா எதற்கு, அது அவிசுவாசத்தின் அடையாளம் என்று பேசியிருக்கிறார். அக்கா யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மாற்றுத் துணி எடுக்க அத்தான் பீரோவைத் திறந்தால், சேலைகளுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். மாதா மாதம் வாங்கிக்கொண்டு வந்தது அவர்தான். அந்த மனுஷன் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, 'அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் அம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோபுவின் சிநேகிதர்களாவது ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ராத்திரி அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குழறிக் குழறித்தான் சொன்னாள்: "தம்பி, கர்த்தர் என்னைக் காக்கலையே. அப்போ நான் அவர் பிள்ளை இல்லையா? இரட்சிப்பும் போயிட்டா?"

செல்வின், நம்மை முழங்கால் போட வைத்து ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் கேட்கிற கேள்வியா இது! கை விழுந்ததைவிட இது எனக்குப் பெரிய ஆபத்தாகப் பட்டது. அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வாசித்துக்கொண்டிருக்கிறேன். அவளோடு பேசியதையும் பேச நினைப்பதையும் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சங்கீதத்தையே எடுத்தேன். அது நம் வீடுகளின் வாசலில் தொங்குகிற சங்கீதம். நானும் நம்புகிறேன், ஒரு எழுத்தையும் தள்ளவில்லை. ஆனால் 15ஆம் வசனத்தைப் பார்: 'ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்.' ஆபத்தே வராதவனுக்கு எதற்கு ஆபத்தில் துணை? வாதை அணுகாது என்கிற 10ஆம் வசனத்தை அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் 15ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்தால் நன்றாக இருக்கும். இன்னொன்று. இந்தச் சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் எடுத்துப் பேசுகிறது யார்? பிசாசு. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்துவார்கள், தாழக் குதியும் என்கிறான். வசனம் சரியான வசனம்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. 'உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக' என்று சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது அந்த உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னதுதான் என்று அக்காவிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எத்தனையோ தடவை நடத்தியவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தரே 15 வருடம் கூட்டிக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடுங்கள் என்றான். பற்றுப் போட்டது அவிசுவாசமா? தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வழி சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று எழுதினார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய கை அது. கூடவே லூக்கா என்ற வைத்தியன். நம் ஊர்ப்பக்கத்தை எடுத்துக்கொள். நெய்யூரில் 1838இலேயே மிஷன் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. வேதத்தையும் மருந்தையும் ஒரே கையால் கொடுத்த மிஷனரிகள் வழியாகத்தான் நம் தாத்தா பாட்டிகள் விசுவாசத்துக்கு வந்தார்கள். உன் லுத்தரன் மாமனாரிடம் கேள், அவர் இதை ஒரு மணி நேரம் சொல்லுவார்: 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்து பல்கலைக்கழகமே ஊரைவிட்டுப் போனபோது சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் போகவில்லை. ஆனால் அப்போது அவர் எழுதிய கடிதத்தில், மருந்தை வேண்டாம் என்று தள்ளுகிறவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான் என்று கண்டித்தார். மருந்து சாப்பிடுவேன், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய்வேன், வேலை இல்லாத இடத்துக்குப் போக மாட்டேன், அயலானுக்கு நான் தேவை என்றால் தயங்காமல் போவேன் என்றார். தேவ பாதுகாப்பை நம்புகிறவன் நடந்துகொள்ளும் விதமாக எனக்கு இதுதான் படுகிறது. அடுத்தவனுக்காகத் தன் உயிரைக்கூட வைப்பான், வீம்புக்காக அதை வீணாக்க மாட்டான்.

இதெல்லாம் மாத்திரை விஷயம். அக்கா இப்போது மாத்திரை போடுகிறாள், அத்தான் எதிரில் உட்கார்ந்து விழுங்க வைக்கிறார். அவளுடைய இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது. அவர் காக்காவிட்டால் நான் அவருடையவள் இல்லையா?

பவுலின் கடைசி நிருபத்தை உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசி. இரண்டாம் தீமோத்தேயு, நாலாம் அதிகாரம். நான் தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்தது என்கிறார். சாகப்போகிறார், அவருக்கே தெரிகிறது. தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான். முதல் விசாரணையில் கூட நிற்க ஒருவரும் இல்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று கெஞ்சுகிறார், சிறையில் அவ்வளவு குளிர் போல. அதே மனுஷன், அதே அதிகாரத்தில், 'கர்த்தர் எல்லாத் தீமையினின்றும் என்னை இரட்சித்து, தம்முடைய பரம ராஜ்யத்தை அடையும்படி காப்பாற்றுவார்' என்று எழுதுகிறார். சாவு வருகிறது என்று ஒரு பக்கம், எல்லாத் தீமையிலிருந்தும் காப்பாற்றுவார் என்று இன்னொரு பக்கம். பவுலுக்கு இரண்டும் மோதவில்லை. அவர் சொல்லுகிற காப்பாற்றுதல் அவருடைய சாவைத் தாண்டிப் போகிறது. மேலங்கியும் வேண்டும், ராஜ்யமும் நிச்சயம். ஆண்டவரே லூக்கா 21இல், உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்று சொன்ன அதே பேச்சில் உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழிவதில்லை என்கிறார். எத்தனை தடவை வாசித்தும் இதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறோம், செல்வின்!

அப்போஸ்தலர் 12ஐயும் பார். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அடுத்துப் பேதுருவைப் பிடித்தான், தூதன் வந்து சிறையைத் திறந்தான். சபை பேதுருவுக்கு ஊக்கமாக ஜெபித்தது, யாக்கோபுக்கு ஜெபிக்காமலா இருந்திருக்கும்? யாக்கோபு விசுவாசத்தில் குறைந்தவன் என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் ஒருவர் தப்பினார், மற்றவர் தப்பவில்லை என்பதற்கும் காரணம் சொல்லவில்லை. வேதம் சொல்லாததை அந்தப் பிரசங்கியார் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டார். உன் தம்பி அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஒருவர் சொன்னதும் இதே பேச்சுதான். அன்றைக்கு அதற்குப் பிறகு நீ கோயிலுக்கு வர எவ்வளவு காலமாயிற்று என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை வேறு யாருக்கும் இல்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

அக்காவிடம் கடைசியில் சிலுவையைத்தான் சொன்னேன். கல்வாரியில் பிரதான ஆசாரியர்கள் கேலி செய்தது என்ன? தேவன்மேல் நம்பிக்கையாயிருந்தானே, அவர் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்பொழுது இவனை இரட்சிக்கட்டும். பிரியம் என்றால் தப்புவிப்பார், தப்புவிக்கவில்லை என்றால் பிரியம் இல்லை. அக்காவின் கேள்வியும் இதுதானே? அதை முதலில் கேட்டவர்கள் சிலுவையைச் சுற்றி நின்றவர்கள். அந்தக் கணக்கின்படி பார்த்தால் பிதா குமாரனைக் கைவிட்டுவிட்டார், கதை முடிந்தது. ஆனால் நாம் இரட்சிக்கப்பட்டது அங்கேதான். அவர் தம்மைத் தப்புவித்துக்கொண்டு இறங்கியிருந்தால் நமக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பிதா அவரை எழுப்பினார், சாவுக்கு இந்தப் பக்கத்தில் இல்லை, அந்தப் பக்கத்தில். நம் இரட்சிப்புக்கு அக்காவின் சர்க்கரை அளவையோ வலது கையையோ யாரும் ஈடாக அடகு வைக்கவில்லை. அது கிருபையாய் வந்தது, தேவனுடைய ஈவு என்று எபேசியர் நிருபம் சொல்லுகிறது. ஈவாகக் கொடுத்ததை, உனக்கு வியாதி வந்துவிட்டது என்று சொல்லி அவர் திரும்ப வாங்குவாரா? 'ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை' என்று அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அழுதாள். முதல்முறையாக நன்றாக அழுதாள், அது நல்லது என்று டாக்டரும் சொன்னார்.

அப்புறம் டோனாவூர் ஞாபகம் வந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளாக அக்கா நம்மைக் கூட்டிக்கொண்டு போனாளே, நீ வண்டியில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாயே, அந்தப் பயணம். அங்கே மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் எத்தனை பெண்குழந்தைகளைக் காப்பாற்றினார்கள்! அவர்களே 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். கிட்டத்தட்ட 20 வருடம். அத்தனை ஜெபிக்கிற ஜனங்கள் சுற்றி இருந்தும் கால் சுகமாகவில்லை. அதே வளாகத்தில் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், பரம சுகசாலை என்று பெயர். படுக்கையிலிருந்து எழுதிய புத்தகங்கள் உலகமெங்கும் போயின. அந்த அறையில் தேவன் இல்லை என்று எந்தப் பிரசங்கியார் வந்து சொல்லுவார்? இதை நான் ஆரம்பிக்கும் முன்பே அக்கா, 'ஏமி அம்மாதானே சொல்லப் போறே' என்றாள். அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

ஆனாலும் அவள் முழுவதும் வெளியே வரவில்லை. பகலில் சரியாக இருக்கிறாள். ராத்திரியில் பயம் வந்துவிடுகிறது, அத்தானை எழுப்பி 'எனக்காக ஜெபம் பண்ணுங்க' என்கிறாள். சுகம் கேட்டும் ஜெபிக்கிறோம், நிறுத்தவில்லை. கர்த்தர் அற்புதம் செய்கிறவர்தான், நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அற்புதம் நடக்காத நாளிலும் அவர் அவளுடையவர் என்பதை அவள் நம்ப வேண்டும், எனக்கு அது போதும். நம் சபைப் போதகர் ஐயரிடமும் பேசியிருக்கிறேன். அந்த வீட்டுக் கூட்டத்துக்கு இன்னும் சில பேர் போகிறார்கள், அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. அவர்களை ஐயரே வீடு தேடிப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். வருகிற வாரம் நானும் கூடப் போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அக்காவுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. அந்தப் பிரசங்கியாரைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம், அவளுக்கு அவர்மேல் இன்னும் மரியாதை இருக்கிறது, திட்டினால் கடிதத்தை மூடி வைத்துவிடுவாள். உன் தம்பி போன பிறகு நீ எப்படித் திரும்பி வந்தாய் என்று எழுது. அதை நீ யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. ஆனால் நான் பத்து வசனம் வாசிப்பதைவிட அது அவளுக்கு உதவும் என்று நினைக்கிறேன். பெரிய எழுத்தாக எழுது, இடது கண் சரியாகத் தெரியவில்லை என்கிறாள். கோயில் அசன விருந்துக்கு எப்படியும் வருவாய் அல்லவா? மதினியையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாடியே வா.

உன்,
ஜெபராஜ்