நம் டென்னிஸ் வீரர்களின் ஆட்டம் பதிவாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கில் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டனர். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் ஆசிய ஆண்கள் அவர்களே. முன்னவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். பின்னவர் கொல்கத்தாவிலிருந்து சிறுவனாகச் சென்னைக்கு வந்து, அமிர்தராஜ் குடும்பத்தினர் 1985இல் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சித் திட்டத்தில் தேறியவர். இருவருடைய வளர்ச்சியிலும் சென்னையின் ஆடுகளங்களுக்குப் பங்கிருக்கிறது என்பதால், தமிழ்நாடு தன் டென்னிஸ் வீரர்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பது குறித்து எழுத இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ராமநாதன் கிருஷ்ணன் என்றதும், விம்பிள்டன் அரையிறுதிக்கு இரண்டு முறை சென்றவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். விழா மேடைகளில் அந்த ஒரு வரியே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நாகர்கோவிலில் 1937இல் பிறந்த அவர், 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்று, 1960இலும் 1961இலும் அங்கே ஒற்றையர் அரையிறுதி ஆடினார். முதல் ஆண்டில் அவரை வென்ற நீல் ஃபிரேசரும் அடுத்த ஆண்டில் வென்ற ராட் லேவரும் அந்தந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றார்கள்; லேவரைச் சந்திப்பதற்கு முந்தைய காலிறுதியில் கிருஷ்ணனிடம் தோற்றவர் ராய் எமர்சன். எத்தகைய ஆட்டக்காரர்களுக்கு நடுவே, பெரிய சர்வீஸ் ஏதுமின்றி, பந்தை வைக்கும் இடத்தின் நுட்பத்தை மட்டுமே நம்பி ஒருவர் அவ்வளவு தூரம் சென்றார் என்பது அந்த ஒற்றை வரியில் எங்கும் தெரிவதில்லை.

நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில், 1966ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிரேசில் அணிக்கு எதிராக நடந்த போட்டியை இதற்கு மேலும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரு அணிகளும் தலா இரண்டு ஆட்டங்களை வென்று சமநிலையில் இருந்தபோது, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக்கை எதிர்த்து இறங்கிய கிருஷ்ணன், ஒரு செட்டுக்கு இரண்டு செட் என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2–5 என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட பிறகு, அங்கிருந்து மீண்டு அந்தச் செட்டை 7–5 என்றும் ஐந்தாவதை 6–2 என்றும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றது அந்த வெற்றியால்தான். மெல்போர்னில் நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா வென்றது என்றாலும், அங்கேயும் ஜெய்தீப் முகர்ஜியுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்தில் நியூகோம்ப், ரோச் இணையை கிருஷ்ணன் வென்றார். இந்த ஆட்டங்களை நேரில் கண்டவர்களும் உடன் ஆடியவர்களும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டுத் தமிழில் முறையாகப் பதிவு செய்வதையே அந்த வீரருக்குச் செய்யும் முதல் மரியாதையாக நான் கருதுகிறேன்.

அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன், தந்தை வென்று கால் நூற்றாண்டு கழித்து, 1979இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதியில், முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் நிலை வீரராகவும் முந்தைய ஆண்டின் வெற்றியாளராகவும் இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீழ்த்தினார். வேகமும் உடல்வலிமையும் ஆட்டத்தை ஆளத் தொடங்கிய காலத்தில், மென்மையான சர்வீசையும் கூர்மையான எதிர்ப்பந்துகளையும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்த ஒருவரின் ஆட்டமுறை, இன்று ராக்கெட் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைக்கத் தக்கது.

அடுத்ததாக நான் வலியுறுத்த விரும்புவது, வீரர்களுக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றியது. ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்பித்தவர் அவருடைய தந்தை டி.கே. ராமநாதன். சிறுவயதில் நோயால் நெடுநாள் வாடிய விஜய் அமிர்தராஜை டென்னிஸ் களத்துக்கு அழைத்துச் சென்று நிலைபெறச் செய்தவர் அவருடைய தாயார் மார்கரெட். ஒரு வட்டாரத்தின் விளையாட்டு இத்தகையோரின் உழைப்பில்தான் வேர்கொள்கிறது. ஆனால் விருதுப் பட்டியல்களில் அவர்களுக்கு இடம் அரிது. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் நகரில் மருத்துவராக இருந்த ராபர்ட் வால்டர் ஜான்சன், தம் வீட்டு ஆடுகளத்தில் கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, பின்னாளில் விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்சன், ஆர்தர் ஆஷ் ஆகியோரின் வளர்ச்சிக்குத் துணைநின்றவர். அவர் 1971இல் மறைந்தார். நியூபோர்ட் புகழரங்கில் அவர் சேர்க்கப்பட்டது 2009இல். பயிற்சியாளரின் பங்களிப்பை உலகம் ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டுகள் ஆகுமென்றால், அருகிலிருந்து அறிந்த சொந்த மண்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் வருத்தம் தருகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றதன் மூலம், ஓப்பன் காலத்தில் (தொழில்முறை வீரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968 முதலான காலத்தில்) கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் ஒற்றையர் பிரதானச் சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சானியா மிர்சாவின் பெயர் நாடெங்கும் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கதவைத் திறந்தவர் இவர். அவருக்கு உரிய அளவில் நம் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரை அறிந்திருக்கவில்லை என்பது என் எண்ணம்.

இரட்டையர் ஆட்டக்காரர்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியின் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள் என்னும் அந்த இனிய செய்தி, ஓரிரு நாளில் கடந்துபோய்விட்டது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் வெண்கலம் வென்ற பிரஜ்னேஷ் குணேஸ்வரனும், 2017இல் துருக்கியின் அன்டால்யாவில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த டோமினிக் தீமை வென்ற ராம்குமார் ராமநாதனும் இதே வரிசையில் வருபவர்கள்.

சிலைகள் எழுப்பக் கோரி நான் இதை எழுதவில்லை. 1997 முதல் 2017 வரை ஏடிபி போட்டி நடந்த நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில், தமிழ்நாட்டு டென்னிஸின் வரலாற்றைச் சொல்லும் நிலையான காட்சிக்கூடம் ஒன்று விரிவாக அமைய வேண்டும். வீரர்கள், வீராங்கனைகள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், ஆடுகளத்தைப் பராமரித்த பணியாளர்கள் ஆகிய எல்லோரும் அதில் இடம்பெற வேண்டும். தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். மாவட்ட அளவிலான ஜூனியர் போட்டிகளுக்கு அந்தந்தப் பகுதியில் தோன்றியவர்களின் பெயரைச் சூட்டி, அவர்கள் யார், எப்படி ஆடினார்கள் என்ற சிறு குறிப்பை ஆடவரும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கலாம். புதிய ஆடுகளங்களுக்குச் செலவிட வேண்டிய பணத்தை நினைவுகளுக்குச் செலவிடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். நேர்காணல்களை ஒளிப்பதிவு செய்யவும், வீடுகளிலும் சங்கங்களிலும் கிடக்கும் பழைய புகைப்படங்களையும் போட்டி அட்டவணைகளையும் படியெடுக்கவும் ஆகும் செலவு, ஓர் ஆடுகளம் அமைக்கும் செலவோடு போட்டியிடும் அளவுக்குப் பெரியதாக இராது.

தங்கள் நாளிதழும் இதில் பங்கேற்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு முறை, தமிழ்நாட்டு டென்னிஸில் பங்களித்த ஒருவரைப் பற்றி, அவர் ஆடிய குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தை மையமாக வைத்து எழுதும் தொடர் ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் காப்பகத்தில் உள்ள பழைய படங்களும் செய்திகளும் அதற்குப் பெரிதும் உதவும். எண்பது வயதைக் கடந்த ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் முதலில் சந்தித்துவிட்டு, மற்றவர்களை அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டென்னிஸ் ஆர்வமுள்ள ஒரு வாசகர்