கைப்பிடி வைத்த டம்ளரும் கண் கொட்டாத ரசிகர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் நடுப்பக்கத்தில் ஒரு காபிப் படம் போட்டிருந்தீர்கள். மேலே தலைப்பும் இல்லை, கீழே ஒரு வரி விளக்கமும் இல்லை. ஏதோ விளம்பரம் என்று நினைத்து நான் புரட்டிவிட்டேன், அப்புறம் என் மனைவி "இந்தத் தாத்தாவைப் பாருங்களேன், அச்சு அசல் நீங்களேதான்" என்று சொன்ன பிறகுதான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் எதிரில் வைத்த நிஜக் காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அந்த நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் தேர் உயரத்துக்கு ஒரு பித்தளை டம்ளர். அதன் பின்னால் சாமிக்குத் திருவாசி வைத்தது போல டபரா நிற்கிறது. டம்ளரிலிருந்து கிளம்பும் ஆவி கோயில் யானையின் துதிக்கையாக வளைந்து வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுகிறது. ஏணி போட்டு ஏறி விளிம்பில் மூக்கை வைத்திருக்கும் தாத்தா, கதம்பம் முழம் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்க்கும் பூக்காரம்மா, சல்யூட் அடிக்கிற ஏட்டு, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு டம்ளருக்குப் பட்டச் சான்றிதழை நீட்டும் ஒரு பேராசிரியர், வாலைத் தூக்கி நிற்கிற பூனை, பூதக்கண்ணாடி பிடித்த எறும்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து விசும்புகிற ஒரு டீ கிளாஸ்! தஞ்சாவூரில் பிறந்து, எங்கள் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கார்ட்டூன் ஓவியர் கோபுலு ஒரு வார்த்தைகூட எழுதாமல் வீட்டையே சிரிக்க வைப்பார். அந்த மாதிரிச் சிரிப்பு எனக்கு இந்த டீ கிளாஸைப் பார்த்தபோதுதான் மறுபடியும் வந்தது. வரைந்தவருக்கு என் நமஸ்காரம்.

சரி, இனிமேல் சண்டை.

முதல் சண்டை அந்தக் கைப்பிடி. காபி டம்ளருக்குக் காது வைத்துக் கைப்பிடி போட்டிருக்கிறார் உங்கள் ஓவியர். டபராவைக் கொண்டுபோய் ஒளிவட்டமாக நிறுத்திவிட்டால் சூட்டில் எதைப் பிடிப்பது என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும், அதனால் ஒரு காதை ஒட்ட வைத்திருக்கிறார். டம்ளருக்குக் கைப்பிடி எதற்கு? மேலே வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு இருக்கிறதே, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே பிடித்தால் சுடாது. சுட்டாலும் ரெண்டு ஆற்று ஆற்றினால் தீர்ந்தது. டபரா அதற்குத்தானே. உயரத்திலிருந்து ஊற்றும்போது காற்று உள்ளே போய்ப் பாலில் நுரை கட்டுகிறது, சர்க்கரை கரைகிறது, சூடும் வாய்க்குப் பதமாக இறங்குகிறது. மூன்று வேலை ஒரே வீச்சில்.

அந்த விளிம்புக்கு இன்னொரு கதையும் உண்டு. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வசதியாகத்தான் அப்படி மடித்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள், எச்சில் பார்க்கிற வீடு எங்களுடையது. உங்கள் படத்தில் ஏட்டும் பேராசிரியரும் பூக்காரம்மாவும் ஒரே டம்ளரைச் சுற்றி நிற்கிறார்கள். என் தாத்தா காலத்து காபி கிளப்பில் அப்படி நின்றிருக்க முடியாது. ஹோட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957இல் சென்னையில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது, இன்றும் சில ஊர்களிலிருந்து செய்தி வருகிறது. ஓவியர் இதையெல்லாம் நினைத்து வரைந்தாரா தெரியாது. எனக்கு நினைவு வந்தது, எழுதுகிறேன்.

இரண்டாவது சண்டை அந்தப் பேராசிரியரோடு. டிகிரி காபி என்றால் பட்டம் வாங்கிய காபி என்று ஜோக் அடித்திருக்கிறார், சிரித்தேன். ஆனால் வீட்டில் பேத்தி அதை நிஜம் என்று நம்பிவிட்டாள். சென்னையிலிருந்து வருகிற சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' என்று எங்கள் ஊர் பெயரை மாட்டி வைத்திருக்கிறார்கள், அங்கேயாவது நிறுத்தி விசாரித்திருக்கலாம். ஒருத்தர் சிக்கரிதான் மருவி டிகிரி ஆயிற்று என்பார், இன்னொருத்தர் முதல் டிகாக்ஷனுக்கு அந்தப் பேர் என்பார். என் கட்சி பால் கட்சி. பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்ப்பார்கள், தண்ணீர் கலக்காத பாலுக்கு டிகிரி பால் என்று பேர், அந்தப் பாலில் போட்டது டிகிரி காபி. எதிர்க்கட்சிக்காரர்கள் கடிதம் எழுதட்டும், நானும் விடப்போவதில்லை.

இதெல்லாம் சில்லறை. என் உண்மையான புகாரே வேறு. படத்தில் இருக்கும் அத்தனை பேரும், எறும்பு உட்பட, கண் கொட்டாமல் காபியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காபி ரசிகன் எவனாவது காபியைப் பார்ப்பானா ஐயா?

என் அப்பாவைச் சொல்கிறேன். விடியற்காலை திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே அம்மா ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, தண்டு வைத்த தட்டால் லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய வெந்நீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடுவாள். அதிகம் அழுத்தினால் இறங்காது, அழுத்தாமல் விட்டால் வெறும் தண்ணீராக ஓடிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூடியை ரெண்டு தட்டுத் தட்டுவாள், அந்த 'டக் டக்' கேட்டதும் அப்பா ஒரு பக்கம் திருப்புவார். பால் பொங்கும் சத்தத்துக்கு மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். ஆற்றுகிற சத்தம், டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்குமாக அந்த நீள இழுப்பு வந்ததும், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வலது கை மட்டும் காற்றில் நீளும். டம்ளர் அந்தக் கையில் வந்து உட்காரும். முதல் வாய்க்குக் கண் மூடிக்கொள்ளும். காபி என்ன நிறம் என்று அப்பாவைக் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு நாள் அம்மா இரண்டாம் டிகாக்ஷனைக் கலந்து கொடுத்தபோது வாயில் வைப்பதற்கு முன்பே "யாராவது விருந்தாளி வந்திருக்காளா?" என்று கேட்டார்.

ஏன் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றால், பேத்தி அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தாள். 24 கலர் க்ரேயான் டப்பாவில் பழுப்பு ரெண்டு இருக்கிறது, ஒன்று செம்மண், ஒன்று மரக்கட்டை. "எது தாத்தா காபி கலர்?" என்றாள். ஜவுளிக்கடையில் காபி கலர் புடவை என்று விரித்துப் போடுகிறார்களே, அதுவும் காபி கலர் இல்லை, அது பொடி கலர். கடைசி ஸ்பூன் டிகாக்ஷன் பாலில் விழும்போது ஒரு நிறம் வரும் பாருங்கள், அதற்கு டப்பாவில் குச்சி இல்லை. செம்மண்ணைப் பூசி அதன் மேல் மஞ்சளை ஒரு தேய் தேய்த்துச் சமாளித்தோம்.

அப்படியே நிறம் சரியாக வந்தாலும் அதை நம்ப முடியாது, அதற்குக் காரணம் சிக்கரி. அது காபிக்கொட்டை இல்லை, ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாக்ஷன் கன்னங்கரேல் என்று கெட்டியாக இறங்கும், ஆனால் அதில் காஃபீன் கிடையாது. கலவைப் பொடியில் 49 சதவீதம் வரை சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டால் போதும். பார்க்கப் பிரமாதமாக இருந்து வாயில் ஏமாற்றுகிற காபியை ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நான் பந்தியிலேயே உட்காராமல் திரும்பியிருக்கிறேன். பொடி வாங்கும் கடையில் கொட்டை வகைகளின் பேரைச் சொல்லி, "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம்" என்றுவிட்டு அரைக்கிற மிஷின் பக்கத்திலேயே நிற்பேன், அங்கேயும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மூக்குதான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் படத்தில் ஒழுங்கான ரசிகர் அந்த ஏணித் தாத்தா ஒருத்தர்தான், அவர் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அவர் கண்ணையும் மூடிவிட்டிருந்தால் என் மனைவி சொன்னதை நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

டீ கிளாஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது அழ வேண்டிய அவசியமே இல்லை. தெருமுனைக்குத் தெருமுனை அதன் ராஜ்ஜியம்தான் நடக்கிறது, காபிக்காரன் ஒருத்தன் வெளியூர் போனால் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் அது அழுவது அழகாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பேத்தி வண்ணம் தீட்டிய படத்தைச் சமையலறையில் ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், ஒட்டுவதற்குள் யாரோ அதன் மேல் ஈர டம்ளரை வைத்துவிட்டார்கள். டீ கிளாஸைச் சுற்றிச் சரியாக ஒரு பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. வைத்தது நான் இல்லை என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை. பேப்பர் கடையில் போன இதழ் தீர்ந்துவிட்டதாம். உங்களிடம் ஒரு பிரதி மிச்சம் இருந்தால் அனுப்பிவையுங்கள், தபால் செலவை அனுப்பிவிடுகிறேன். அந்த வட்டத்தின் நிறம்தான் நாங்கள் தேடிய நிறம் என்பதையும் ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏணித் தாத்தா ஜாடையுள்ள வாசகர்,
கும்பகோணம்